மிட்டாய் நாற்சந்தி

தெருக்களுக்கும் சந்திகளுக்கும் பெயர் அமைவது பல வழிகளில். மன்னர் பெயரால் அமையும். கோயிலின் பெயரால் அமையும். அங்கு முன்னொரு காலத்தில் நின்ற ஆலமரத்தின் பெயராலும் அமையும். மும்பையை அடுத்த தாணே நகரில், கிழக்கு விரைவுச் சாலையின்மேல் உள்ள ஒரு நாற்சந்திக்கோ மிட்டாய்க் கம்பெனியின் பெயர் அமைந்துவிட்டது. ‘காட்பரி ஜங்ஷன்’ என்றால் ஆட்டோ ஓட்டுநர் மறுகேள்வி கேட்பதில்லை. அக்கம்பெனியின் இந்தியக் கிளை 2014-ஆம் ஆண்டு மாண்டலீஸ் என்று பெயரை மாற்றிக்கொண்டது. சந்தி மட்டும் தன் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை.

சென்ற தை மாதத்தில், பொங்கலை அடுத்த ஞாயிறன்று, நாம் குடும்பத்துடன் அந்நாற்சந்தியைக் காணச் சென்றிருந்தோம். நாற்சந்தியைக் காண்பதற்கென்று ஒரு பிரயாணமா என்று அன்பர்கள் நகைக்கலாம். அதன் காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதத்தில், திருநெல்வேலிச் சீமையிலுள்ள நம் சொந்த ஊருக்குப் புறப்பட்டபோது, பட்டணத்துப் பண்டம் கொண்டுபோக வேண்டுமே என்று உயர்ந்த வகைச் சாக்லெட் பாளங்கள் சிலவற்றை வாங்கிப் பெட்டியில் வைத்தோம். சாதாரணப் படுக்கை வண்டி. சோலாப்பூர் கடந்து, வாடி கடந்து, ராய்ச்சூரிலிருந்து குந்தக்கல் செல்லும் அந்தக் கரிசற் பூமியில் கோடை வெயில் எப்படிக் காயும் என்பதை அவ்வழியே சென்றவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுத் திண்ணையில் பெட்டியைத் திறந்தபோது, வெள்ளித்தாளுக்கும் வேட்டிக்கும் வேறுபாடு தெரியாதபடி யாவும் ஒரே குழம்பாக இருந்தன. “ஏலே, இதென்ன வண்டிச் சக்கரத்துக்குப் போடுத மசகா?” என்று அன்னையார் கேட்டார். இருப்புப்பாதை உத்தியோகத்தில் இருப்பவனை இதைவிடப் பொருத்தமாக யாரும் கேட்டிருக்க முடியாது.

மறு ஆண்டு இல்லாளின் யோசனைப்படி ஜெம்ஸ் மிட்டாய் கொண்டு சென்றோம். பொத்தானளவே உள்ள வண்ண வண்ணமான சாக்லெட் மணிகள். மேலே சர்க்கரை ஓடு. அதே வண்டி, அதே வெயில். ஒன்றுகூடச் சிதையவில்லை. தெருப்பிள்ளைகள் அத்தனை பேருக்கும் உள்ளங்கையில் நான்கு நான்காக எண்ணி வைத்தார் அன்னையார். அன்றுமுதல் நம் வீட்டுப் பிரயாணப் பெட்டியில் துண்டும் சோப்பும் போல ஜெம்ஸும் ஓர் அங்கமாயிற்று.

இந்த மிட்டாய் வெயிலுக்கு அஞ்சாததன் மர்மம் மிக எளியது. சாக்லெட்டில் உள்ள கொக்கோ வெண்ணெய் ஏறத்தாழ 34 பாகை வெப்பத்தில் உருகிவிடும். மனித உடலின் வெப்பம் 37 பாகை. வாயில் இட்டவுடன் கரைந்து இன்பம் தருவதும், கையில் வைத்தால் பிசுபிசுத்துத் துன்பம் தருவதும் அந்த ஒரே குணத்தால்தான். சர்க்கரை ஓடு வெப்பத்தைத் தடுத்துவிடுவதில்லை. உள்ளே சாக்லெட் இளகத்தான் செய்கிறது. ஓடு அதனை வெளியே விடாமல் காக்கிறது. வண்டி இரவில் குளிர்ந்த பிரதேசத்தை அடைந்ததும் உள்ளிருப்பது மீண்டும் கெட்டியாகிவிடும். மூடியிட்ட பாத்திரம் போல் என்று வைத்துக்கொள்ளலாம்.

செய்முறையும் அறியத்தக்கதே. குளிரூட்டிய இரண்டு உருளைகளின்மேல் பயற்றளவான குழிகள் வெட்டியிருப்பார்கள். உருகிய சாக்லெட் அவற்றிடையே விழுந்து மணிகளாக உறைகிறது. அம்மணிகளைச் சாய்வாகச் சுழலும் பெரிய தாழியில் இட்டு, சர்க்கரைப் பாகைச் சிறிது சிறிதாக ஊற்றி, உலர்ந்த காற்றைச் செலுத்துவார்கள். பாகு மணியின்மேல் படிந்து காய்ந்ததும் மறுபடியும் பாகு, மறுபடியும் காற்று. இவ்வாறு மெல்லிய படலங்கள் பல சேர்ந்து ஓடாகின்றன. கடைசிப் படலங்களில் வண்ணம் சேரும். முடிவில் மெழுகிட்டு உருட்டினால் பளபளப்பு வந்துவிடும். அவசரப்பட்டுப் பாகை ஒரேயடியாகக் கொட்டினால் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும்; பொறுமையே இத்தொழிலின் மூலதனம்.

இவ்வகை மிட்டாய் பிற நாடுகளில் நமக்கு முன்பே புகழடைந்தது. இங்கிலாந்தின் யார்க் நகரத்து ரௌண்ட்ரீ கம்பெனியார் 1937-இல் ‘ஸ்மார்ட்டீஸ்’ என்ற பெயரில் இதனை விற்றனர். அமெரிக்காவில் பாரஸ்ட் மார்ஸ் என்பவர், புரூஸ் மரி என்பவருடன் கூடி 1941-இல் ‘எம் அண்டு எம்’ மிட்டாயைத் தொடங்கினார். இருவர் பெயரின் முதலெழுத்துகளே அவை. இரண்டாம் உலகப் போரின்போது அது படைவீரர்களுக்கு அனுப்பப்பட்டது. வெப்ப நாடுகளில் போரிட்ட வீரனின் சட்டைப்பையும் குந்தக்கல் வழியே செல்லும் நம் பெட்டியும் ஒரே சோதனையைத்தான் வைத்தன போலும். 1981-இல் அம்மிட்டாய் விண்வெளி ஓடத்திலும் ஏறிச் சென்றது. 1976-இல் ஒருவகைச் சிவப்புச் சாயத்தைப் பற்றி அமெரிக்காவில் அச்சம் எழுந்தது. அந்தச் சாயம் அம்மிட்டாயில் சேர்க்கப்படவேயில்லை. ஆயினும் மக்கள் அஞ்சுவார்களே என்று சிவப்பு மணிகளை நிறுத்திவிட்டார்கள். 1987-இல்தான் அவை திரும்ப வந்தன. ஒரு நிறத்திற்குப் பதினோராண்டு வனவாசம்!

காட்பரி கம்பெனியார் இந்தியாவில் 1948-இல் சாக்லெட்டை இறக்குமதி செய்து விற்கத் தொடங்கி, பின்னர் தாணேயில் ஆலை நாட்டினர். ஜெம்ஸ் 1968-இல் வெளிவந்தது. பிறந்தநாள் கேக்கின் மேலும், பொம்மையோடு கூடிய உருண்டை டப்பாவிலும், பெட்டிக்கடைச் சரத்திலும் அதனைக் காணாத ஊர் அரிது. வேறொரு கம்பெனியார் அதே சாயலில் மிட்டாய் விற்றதைப் பற்றிய வழக்கில் தில்லி உயர்நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்தபோது, ஏறத்தாழ எல்லோருடைய குழந்தைப் பருவமும் இம்மிட்டாயோடு தொடர்புடையது என்ற கருத்தை நீதிபதி தெரிவித்திருந்தார். சட்டப் புத்தகத்தில் மிட்டாய்க்கு இப்படி ஒரு நற்சான்று கிடைப்பது எளிதன்று.

இனி நம் கதைக்கு வருவோம். தந்தையார் காலமான பின் அன்னையார் ஊரில் தனியே இருந்தார். சென்ற தீபாவளிக்கு அவரை டோம்பிவிலிக்கு அழைத்து வந்தோம். இங்கேயே நிலையாக இருத்திவிடலாம் என்பது நம் எண்ணம். அன்னையார் அதற்கு ஆம் என்றும் சொல்லவில்லை, அன்று என்றும் சொல்லவில்லை.

வீட்டில் நம் பையனுக்கு ஐந்து வயது. பகலெல்லாம் மராத்திப் பிள்ளைகளோடு இருந்து, தமிழைக் கேட்டு அறிவானே தவிரப் பேச மாட்டான். ஆச்சிக்கோ மராத்தி ஒரு சொல்லும் தெரியாது. முதல் சில நாள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பின்பு ஒரு மாலை ஆச்சி ஒரு ஜெம்ஸ் பொட்டலத்தைப் பிரித்துத் தட்டில் கொட்டினார். ஒரு மணியை எடுத்துக் காட்டினார். “ஹிர்வா” என்றான் பையன். “பச்சை” என்றார் ஆச்சி. “பச்சை” என்று சொன்ன பிறகே மணி அவன் கைக்குப் போயிற்று. “பிவளா” என்றது “மஞ்சள்” ஆயிற்று. “நிளா” என்றது “நீலம்” ஆயிற்று. ஒரு மாதத்தில் அவன் எண்ணவும் கற்றான். ஆச்சிக்கும் நான்கைந்து மராத்திச் சொற்கள் வந்துவிட்டன. அன்னையாருக்குச் சர்க்கரை வியாதி. ஒரு மணியும் வாயில் இட்டதில்லை. எல்லாம் விரல் நுனியிலேயே நடந்த பாடம். இதைப் படித்துவிட்டு மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் கையில் யாரும் இம்மணிகளைக் கொடுத்துவிட வேண்டாம், தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

சங்கராந்தியன்று அடுத்த வீட்டு மராத்திக் குடும்பத்தில் குழந்தைக்குப் ‘போர்நஹான்’ என்னும் சடங்கு நடந்தது. கறுப்புச் சட்டை அணிவித்து, சர்க்கரை மணிகளால் கோத்த கிரீடமும் மாலையும் பூட்டி, குழந்தையின் தலைமேல் இலந்தைப் பழம், கரும்புத் துண்டு, பொரி முதலியவற்றைச் சொரிகிறார்கள். இக்காலத்தில் அவற்றோடு ஜெம்ஸும் கலந்து சொரிகிறார்கள். நம் பாட மணிகள் குழந்தையின் தலையிலிருந்து உருண்டோடுவதைக் கண்ட அன்னையார், “இத எங்கதான்லே செய்தாங்க?” என்று கேட்டார். கம்பெனியின் ஆலை தாணேயில் எழுந்தது என்றோம். “பக்கந்தான? பாத்துட்டு வருவோம்” என்றார். அவர் மும்பை வந்த பிறகு தாமாக எங்கும் போக விரும்பிக் கேட்டது அதுவே முதல் தடவை. பிரயாணத்தின் காரணம் இதுதான்.

டோம்பிவிலியிலிருந்து தாணேக்கு மெதுவண்டியில் ஏறினோம். மும்ப்ரா அருகில் ஒருபுறம் பார்சிக் குன்றும் மறுபுறம் கழிமுகமும் நெருங்கி வரும் காட்சி, தினமும் பார்த்தாலும் நமக்குச் சலிப்பதில்லை. தாணே நிலையத்தில் இறங்கும்போது இருப்புப்பாதைக்காரனுக்கு ஒரு சிறு பெருமிதம் உண்டாகும். இந்நாட்டின் முதல் பிரயாணி வண்டி 1853-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் பிற்பகலில் போரிபந்தரிலிருந்து புறப்பட்டு வந்து நின்றது இவ்வூரில்தான். 34 கிலோமீட்டர் தூரம், 14 பெட்டிகள், சுமார் 400 விருந்தினர். இழுத்து வந்தவை சாகிப், சிந்து, சுல்தான் என்ற மூன்று எஞ்சின்கள். இதை அன்னையாரிடம் விரித்துரைத்தோம். “மூணு எஞ்சின் எதுக்கு?” என்று கேட்டுவிட்டுப் பேரனின் செருப்பு வாரைப் பூட்டிவிடத் தொடங்கினார்.

நிலையத்திலிருந்து சிறிது தூரத்தில் மாசுந்தா ஏரி. தலாவ்பாளி என்று மக்கள் வழங்குவர். ஏரிகளின் நகரம் என்று தாணேக்குப் பெயர் உண்டு. நகரின் நடுவே இருக்கும் இந்த ஏரிதான் யாவருக்கும் பழக்கமானது. கரையில் கோபினேஷ்வர் என்னும் சிவன் கோயில். உள்ளே பெரிய லிங்கம். அன்னையார் நெடுநேரம் நின்று தொழுதார். தாமிரபரணிக்கரையில் வளர்ந்தவருக்கு நீர்நிலையும் சிவன் கோயிலும் ஒருங்கே கண்டால் கால் நகராது.

கோயிலை அடுத்து ஜாம்பளி நாக்கா அங்காடி. சங்கராந்தி முடிந்து சில நாளே ஆகியிருந்ததால் எள்ளுருண்டைகளும் சர்க்கரை நகைகளும் இன்னும் கடைகளில் தொங்கின. ஒரு கடைக்காரரிடம் ஒரு பொட்டலம் ‘ஹல்வா’ கேட்டோம். அன்னையாரின் முகம் மலர்ந்தது. திருநெல்வேலிக்காரருக்கு அல்வா என்ற சொல் காதில் விழுந்தால் நெய் சொட்டும் வாழையிலைதான் கண்முன் வரும். பொட்டலத்தைப் பிரித்தால் மிளகளவே உள்ள வெள்ளை மணிகள், மேலெல்லாம் முள் முள்ளாக!

“இதுக்குப் பேரு அல்வாவாலே?” என்று கேட்ட அன்னையாரின் குரலில் ஏமாற்றமும் சிரிப்பும் சரிபாதியாக இருந்தன.

மராத்தியரின் சங்கராந்தி ஹல்வா அப்படித்தான். எள்ளைத் தணலின்மேல் அகன்ற பாத்திரத்தில் இட்டு, சர்க்கரைப் பாகைக் கரண்டி கரண்டியாகச் சொட்டி, விரல்களால் ஓயாமல் புரட்ட வேண்டும். மெல்ல மெல்ல எள்ளைச் சுற்றிச் சர்க்கரை முள் கட்டும். வீட்டில் செய்வது பல மணி நேர வேலை. முள் நன்றாக எழுந்தால் பெண்மணிகளுக்குப் பெருமை. அந்த மணிகளைக் கோத்துத்தான் புதுமணப் பெண்ணுக்கும் குழந்தைக்கும் நகை செய்கிறார்கள். எள்ளும் வெல்லமும் தந்து இனிமையாகப் பேசுங்கள் என்று கேட்டுக்கொள்வது இந்நாட்டுச் சங்கராந்தி மரபு. நம் எழுத்தர்கள் சிலருக்கு அதைத் தினமும் கொடுத்தால் நலம் என்று நமக்குத் தோன்றுவதுண்டு. அது வேறு கதை.

கடைக்காரர் தம் இந்தியிலும் நாம் நம் இந்தியிலும் இதைப் பேசிக்கொண்டிருக்க, அன்னையார் ஒரு மணியை வெயிலில் பிடித்துப் பார்த்தார். “நம்ம சீரக மிட்டாயில்லா இது!” என்றார். உண்மைதான். திருவிழாக் கடைகளில் ரோஜா நிறத்திலும் மஞ்சளிலும் வெள்ளையிலும் குவித்திருப்பார்களே, அந்தச் சீரக மிட்டாய் வேறென்ன? நடுவில் சீரகம் அல்லது சோம்பு. மேலே படலம் படலமாகச் சர்க்கரை. இங்கே நடுவில் எள். கம்பெனியார் நடுவில் சாக்லெட்டை வைத்தார்கள். விரலுக்குப் பதில் சுழலும் தாழியை வைத்தார்கள். இதனை நாம் படித்து அறிந்தோம். எழுத்துக் கூட்டிப் படிக்கவும் அறியாத அன்னையார் ஒரு மணியைத் தொட்டே கண்டுகொண்டார். ஊர்த் திருவிழாவில் தம் தந்தை ஒரு கால்படி சீரக மிட்டாய் வாங்கித் தந்ததையும், அதை மூன்று நாள் முந்தானையில் முடிந்து வைத்திருந்ததையும் பேத்திக்குச் சொல்லிக்கொண்டே நடந்தார்.

அங்கிருந்து ஆட்டோவில் கோபட் வழியாகக் காட்பரி ஜங்ஷனை அடைந்தோம். அன்பர்களை ஏமாற்றுவானேன்? அங்கே காண்பதற்கு ஒன்றுமில்லை. தலைக்குமேல் மேம்பாலம், கீழே நான்கு பக்கமும் வாகன வெள்ளம், கம்பெனி வளாகத்தின் மதில், மதிலுக்கு அப்பால் மரங்கள். முன்னாளில் அவ்வழியே சென்றால் கொக்கோ மணம் மூக்கில் ஏறும் என்று தாணேவாசிகள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அன்று நம் மூக்கில் ஏறியது டீசல் புகை. ஆலைக்குள் வண்ண மணிகள் ஆறாக ஓடும் என்று நம்பி வந்த பையன் வாய்விட்டு அழத் தொடங்கினான். இல்லாள் நம்மைப் பார்த்த பார்வையை எழுத்தில் வடிக்க இயலாது.

அன்னையார் அழவுமில்லை, குறைகூறவுமில்லை. நடைபாதை ஓரத்து மரநிழலில் ஒரு கல்லின்மேல் அமர்ந்து, பையிலிருந்து ஜெம்ஸ் பொட்டலத்தை எடுத்து மடியில் கொட்டி, பேரனை அருகே இருத்திக்கொண்டார். “சிவப்பு எத்தன?” பாடம் நாற்சந்தியிலேயே தொடங்கிவிட்டது. அழுகை நின்றது. வண்ணம் வண்ணமாகப் பிரித்துக்கொண்டே, தலை நிமிராமல் நம்மிடம் சொன்னார்:

“ஊருக்கு டிக்கெட் எடுத்துரு. மாசி முடியுமுன்ன போயிரணும்.”

நாம் ஏதோ சொல்ல வாயெடுத்தோம்.

“வீட்ட வாடகைக்குப் பேசியிருக்கியாமே? மாமா போன்ல சொன்னாரு.”

அது மெய். அன்னையாரிடம் ஒரு வார்த்தை கேளாமல், மார்கழியிலேயே மாமாவிடம் சொல்லி ஒரு குடித்தனக்காரருக்கு வீட்டைப் பேசியிருந்தோம். நன்மைக்கே செய்கிறோம் என்ற எண்ணத்தில் கேட்க வேண்டும் என்றே நமக்குத் தோன்றவில்லை. அந்தச் செய்தி அன்னையாருக்கு எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்கவும் நமக்கு நா எழவில்லை. வாகன இரைச்சல் நமக்குச் சிறிது உதவியாக இருந்தது.

“கோவமில்லலே,” என்றார் அவரே. “வீடு பூட்டிக் கிடந்தா கறையான் ஏறிரும். அடுத்த வருசம் வாரேன். இவன் பேச ஆரம்பிச்சுட்டான்லா.” பிறகு ஒரு மஞ்சள் மணியை எடுத்து, நம்மையும் இல்லாளையும் பார்த்துவிட்டு, தம் வாயில் போட்டுக்கொண்டார். “ஒண்ணுதான்” என்றார். மெல்லாமல் வெகு நேரம் வைத்திருந்தார். ஓடு கரைந்து உள்ளிருப்பது வந்தபோது, “கசக்குது, ஆனா நல்லாத்தான் இருக்கு” என்றார். ஊர்ப்பிள்ளைகளுக்கெல்லாம் ஆண்டுதோறும் எண்ணிக் கொடுத்த பண்டத்தின் சுவையை அவர் அறிந்தது அன்றுதான்.

திரும்பும் வழியில் வண்டியில் கூட்டம். பெண் மட்டும் ஆச்சி ஏன் போக வேண்டும் என்று கேட்டுக்கொண்டே வந்தாள். நாம் மறுநாளே மாமாவை அழைத்து வாடகைப் பேச்சை நிறுத்தச் சொன்னோம். இப்போது பிரயாணத்திற்கு 60 நாள் முன்பே பதிவு செய்யலாம் என்பதால் மாசிக்கு இடம் கிடைப்பதில் தொல்லையில்லை, கீழ்ப்படுக்கையே கிடைத்தது.

நாகர்கோவில் வண்டியில் ஏற்றிவிடக் கல்யாண் நிலையத்திற்கு யாவரும் சென்றிருந்தோம். தெருப்பிள்ளைகளுக்கென்று அன்னையார் ஜெம்ஸ் வாங்கித் தரச் சொல்லியிருந்தார். அடுத்த வீட்டு அம்மாள் சங்கராந்தி ஹல்வாவில் மீந்ததை ஒரு டப்பாவில் கொடுத்திருந்தார். ஊரில் யாரும் அதை அல்வா என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்று சொல்லிச் சிரித்தபடியே அதையும் பையில் வைத்துக்கொண்டார். வண்டி வர நேரம் இருந்தது. பையன் நடைமேடை இருக்கையில் பொட்டலங்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கித் தமிழில் எண்ணினான். ஏழுக்குப் பிறகு ஒன்பது வந்தது. ஒரு நிறத்தைத் தவறாகச் சொன்னாலும் விடாத ஆச்சி அன்று திருத்தவில்லை. பன்னிரண்டு என்று அவன் முடித்தான். பொட்டலங்கள் பதினொன்றே.